உப்புத்துறையில் ஒரு வீடு

பாளையங்கோட்டையில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில், ஜெபமலர் என்பவர் வீடியோ கேம் செய்யச் சொல்லிக்கொடுத்துவந்தார். முப்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்பார், இல்லையென்றால் ஏதாவது வேலை கொடுப்பார். படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களுக்கும் அவர் டீச்சர்தான்.

வைரவன் அந்த மூத்தவர்களில் ஒருவன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுப்பது தொழில். ஆனால் ஊரில் அவனைத் தெரிந்தவர்கள் அதற்காகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. ‘முதல் செய்தி’ என்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதை நடத்துபவன் அவன். எந்த நாட்டில் எந்த கேம் வரப்போகிறது, எது தள்ளிப்போகிறது, எந்தக் கம்பெனிக்குள் யாருக்கும் யாருக்கும் சண்டை, வெளியே கசிந்த படம் எது, எல்லாம் தமிழில் அங்கேதான் முதலில் வரும். நாற்பதாயிரம் பேர் அதில் இருந்தார்கள். வைரவன் நல்லது என்று சொன்னால் வாங்குவார்கள். குப்பை என்று சொன்னால் அது குப்பை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் நடுவே மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“இப்பல்லாம் எனக்கு எந்த கேமும் பிடிக்க மாட்டேங்குது. ஏன்?”

முன்னைவிட அதிகமாக வாங்குவதாகச் சொன்னான். முன்னைவிட அதிகமாகத் தெரியும் என்றான். ஒரு கேம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலிருந்தே அதைப் பின்தொடர்கிறான். ஆனால் விளையாட உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. கை தானாகப் போனை எடுத்து, இந்த கேமைப் பற்றி இன்று என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கிறது. கேம்கள் கெட்டுப்போய்விட்டனவா, தனக்கு வயதாகிவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச கேம் எது?” என்றார்.

வைரவன் யோசிக்கவே இல்லை. “உப்புத்துறை.”

வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்த கேம் அது. அதன் பெயருக்கு அவர்கள் மொழியில் அதுதான் அர்த்தம் என்று குழுவில் அப்படியே அழைத்தார்கள். போன வருடம் வந்தது. வந்த வாரமே வைரவன் அதைப் பற்றி நீளமாக எழுதினான். ‘முழுக்க விளையாடி முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன், காசை வீணாக்காதீர்கள்’ என்று தொடங்கும் பதிவு. அவன் எழுதியதில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

“அதைச் சொல்லுங்க,” என்றார் டீச்சர். “முதல்ல இருந்து கடைசி வரைக்கும்.”

வைரவன் சொல்லத் தொடங்கினான். இங்க்ரா என்ற பெண், காணாமல் போன தங்கை மாரித்தைத் தேடி, கடல் பாதி விழுங்கிவிட்ட ஒரு துறைமுக ஊருக்குப் படகில் வருகிறாள். தண்ணீருக்கு மேலே கூரைகள் மட்டும் தெரிகின்றன. கூரை கூரையாகத் தேடுகிறாள். எந்தக் கூரைக்குள் என்ன இருக்கிறது, எந்தக் கதவை எப்படித் திறப்பது, எந்த மணியை எப்போது அடித்தால் தண்ணீர் வடியும், எல்லாம் வரிசையாக வந்தது. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். படகு சொன்ன பேச்சைக் கேட்காது, துடுப்பை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். கடைசியில் தங்கை கிடைக்கவே மாட்டாள், இங்க்ரா கரையில் உட்கார்ந்துவிடுவாள், அவ்வளவுதான், சுத்த ஏமாற்று என்றான்.

“இதுல ஒருத்தன் வேற புதுசாக் கதை கட்டினான் டீச்சர். உப்பு அடுக்குற வீடுன்னு ஒரு வீடு இருக்காம். அங்க ஒரு பொம்பள இருக்காளாம். எந்த வீடியோவுலயும் இல்ல, எவனும் பாக்கல. எல்லாருக்கும் முன்னாடி கேட்டேன், நீ நெசமாவே விளையாடுனியான்னு. குரூப்பை விட்டே தூக்கிட்டேன்.”

ஒருத்தன் என்று அவன் சொன்னது பாக்கியதாஸை. கல்லூரி விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். இருபது வருட நண்பன். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இதை வைரவன் சொல்லவில்லை.

அவன் முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. டீச்சர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. கடைசியில் வகுப்புக் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி, கேம் வாங்கும் கணக்கை அதில் திறக்கச் சொன்னார்.

வைரவன் திறந்தான். அவன் வாங்கிய கேம்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறான் என்று அதுவே கணக்கு வைத்திருந்தது. உப்புத்துறையைத் தொட்டான்.

வாங்கிய தேதி இருந்தது. அதன் கீழே, ‘இதுவரை தொடங்கப்படவில்லை’ என்று இருந்தது.

வைரவன் சிரித்தான். ஏதோ கோளாறு என்றான். பக்கத்தை மூடித் திறந்தான். வேறு கணக்கு ஏதாவது இருந்ததா என்று யோசித்தான். வேறு கணக்கு எதுவும் அவனுக்கு இல்லை. திரும்பவும் திறந்தான். அதே வரிதான்.

“நான் விளையாடியிருக்கேன் டீச்சர்.”

“எங்க உக்காந்து விளையாடுனீங்க?”

“வீட்லதான். செவப்பு நாற்காலியில. நல்ல மழை. ஜன்னல்ல தண்ணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. கடைசிக் கட்டம் வந்தப்ப எனக்கு உள்ளங்கை வேர்த்துப்போச்சு. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு.”

“சரி,” என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி தெய்வானை துணி மடித்துக்கொண்டிருந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டு வேலைகளுக்குக் கிடைக்கும். வைரவன் செருப்பைக் கழற்றாமலே கேட்டான். போன வருடம் மழைக்காலத்தில், சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடல் கேமை விளையாடினேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

தெய்வானை மடித்த துணியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“அந்த கேமைப் பத்தித்தான் ஆறு மாசமாப் பேசிக்கிட்டு இருந்திய. விளையாடி நான் பாக்கலியே. போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்திய.”

“நல்லா யோசிச்சுப் பாரு. அந்த செவப்பு நாற்காலி.”

“நம்ம வீட்ல ஏது செவப்பு நாற்காலி?”

வைரவன் கூடத்துக்குப் போனான். மூங்கில் நாற்காலி இரண்டு இருந்தன. படுக்கையறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நீலம். அவன் வேலை செய்யும் மேஜைக்கு முன்னால் இருந்தது கறுப்பு. வீடு முழுக்க ஒருமுறை நடந்தான். பிறகு நடந்த இடத்திலேயே இன்னொரு முறை நடந்தான்.

நாற்காலி எங்கே இருந்தது என்று சாயங்காலம் தெரிந்தது. உப்புத்துறையைக் கிழித்துத் தொங்கவிட்டு வெளிநாட்டுக்காரன் ஒருவன் போட்ட வீடியோ. முன்பு பலமுறை பார்த்ததுதான். அவன் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் இருந்த ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அவன் தன் கையை விரித்துக் காட்டி, வேர்த்துவிட்டது என்று சொன்னான்.

வைரவன் வீடியோவை நிறுத்தினான். எழுந்து போய் முகம் கழுவினான். துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றான். ‘முடித்துவிட்டேன்’ என்று எழுதிய நாளை யோசித்துப் பார்த்தான். எல்லோருக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் இருந்தது. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அன்றைக்கு அது பொய் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்போது அது தெரியாமல் போனது என்றுதான் பிடிபடவில்லை.

மற்ற கேம்களையும் திறந்து பார்த்தான். பலவற்றில் அதே வரி இருந்தது. உயிராக நேசித்ததாக அவன் நினைத்திருந்த ஒரு கேமிலும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் டீச்சரிடம் போய் நாற்காலியைப் பற்றிச் சொன்னான்.

“உங்களுக்கு எப்படி டீச்சர் தெரிஞ்சது?”

“விளையாடுனவங்க சொல்லும்போது கட்டைவிரல் ஆடும் சார். அவங்களுக்கே தெரியாது. நீங்க ஒரு மணி நேரம் சொன்னீங்க. கையைக் கட்டிக்கிட்டே சொன்னீங்க.”

வைரவன் தன் கைகளைப் பார்த்தான்.

“அப்ப எனக்குள்ள இருக்கறது யாரோட ஞாபகம்?”

டீச்சர் எழுந்தார். வகுப்புக் கம்ப்யூட்டரில் உப்புத்துறையை இறக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். ஓரமாக இருந்த சின்ன அறையில் அவனை உட்காரவைத்து, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

வைரவன் விளையாடினான். கடல் வந்தது. கூரைகள் வந்தன. முதல் கதவுக்கு முன்னால் நின்றதுமே, அதைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று மனதுக்குள் ஓடியது. இந்த மணி வேறொரு கேமில் திருடியது என்று ஒருவன் சொன்னான். இந்தத் தண்ணீர் டிரெய்லரில் இன்னும் அழகாக இருந்தது என்று இன்னொருவன். இதைச் செய்ய ஒரு வருடம் எடுத்தார்கள், இதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள், இதைக் கடைசி வாரத்தில் அவசரமாக ஒட்டவைத்தார்கள். இங்க்ரா நடந்தாள். அவனுக்கு இங்க்ரா தெரியவில்லை. பேச்சுத்தான் கேட்டது.

அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டான்.

“முடியல டீச்சர். எல்லாக் கதவுக்குப் பின்னாடியும் யாரோ நிக்கான்.”

டீச்சர் உள்ளே போய்க் கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

தெய்வானைக்கு வர விருப்பமில்லை. தனக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்றாள். அதுதான் வேண்டுமாம் என்றான் வைரவன். வாழ்க்கையில் அவள் கன்ட்ரோலரைக் கையில் பிடித்ததில்லை. எதை அமுக்கினால் என்ன நடக்கும் என்று மட்டும் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். வைரவனிடம், பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டு மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குப் போய்விட்டார்.

தெய்வானை படகில் ஏறினாள். படகு சுற்றியது. துடுப்புப் போடத் தெரியாமல் ஒரு கூரையில் போய் மோதினாள். மூழ்கினாள். திரும்ப ஏறினாள். திரும்ப மூழ்கினாள். வைரவன் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தே நிமிடத்தில் தாண்டிப் போக வேண்டிய இடம். எல்லா வீடியோவிலும் அப்படித்தான் போனார்கள்.

ஒருகட்டத்தில் அவள் சலித்துப்போய்க் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். “போற இடத்துக்குப் போகட்டும்,” என்றாள். படகு அலையில் தானாக மிதந்தது. துறைமுகத்தை விட்டு விலகியது. கூரைகள் மறைந்தன. ரொம்ப நேரம் வெறும் தண்ணீர்தான். வைரவன் வாட்சைப் பார்த்தான்.

மூடுபனிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

“அது உப்பா?” என்றாள் தெய்வானை. அவள் தூத்துக்குடியில் வளர்ந்தவள்.

வெள்ளைக் குவியல்கள். அவற்றுக்கு நடுவே, உப்புக் கட்டிகளால் சுவர் எழுப்பிய ஒரு வீடு. முன்னால் ஒரு பெண் குனிந்து கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வைரவன் எழுந்து நின்றுவிட்டான். பாக்கியதாஸ் எழுதிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உப்பு அடுக்குற வீடு. அங்க ஒரு பொம்பள. தான் பதிலுக்கு எழுதியதும் வந்தது. நான் முழுக்க முடித்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு வீடே கிடையாது.

அவன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். “டீச்சர், வந்து பாருங்க. அந்த வீடு இருக்கு.”

டீச்சர் ஒரு மாணவனின் திரையில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “நீங்க போய் உக்காருங்க சார்,” என்றார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்று வைரவன் நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது தெய்வானை அந்தப் பெண்ணோடு சேர்ந்து கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேம் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. கிடக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தாள். சுவரில் கடைசி இடைவெளியும் அடைபட்டது. அப்போது அந்தப் பெண் நிமிர்ந்தாள். இங்க்ராவின் முகத்தில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்துவிட்டாள்.

‘வந்துட்டியா மாரித்’ என்றாள்.

தெய்வானை வைரவன் பக்கம் திரும்பினாள்.

“மாரித்து தங்கச்சி பேருல்லா? அப்ப இவளையேதான் இவ தேடிக்கிட்டு இருக்காளா?”

வைரவன் வாயைத் திறக்கவில்லை. தங்கை கிடைக்காத அந்தக் கடைசிக் காட்சியைத்தான் அவன் ஒரு வருடமாக ஏமாற்று என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினான். பாக்கியதாஸ் அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வைரவன் உள்ளே போனதும் அவன் ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். உட்காரச் சொல்லவில்லை.

வைரவன் நின்றபடியே சொன்னான். தான் அந்த கேமை விளையாடவே இல்லை என்றான். நாற்காலியைப் பற்றிச் சொன்னான். தெய்வானை அந்த வீட்டைப் பார்த்துவிட்டாள் என்றான். மன்னிப்புக் கேட்டான்.

பாக்கியதாஸ் சட்டத்தை மேஜையில் வைத்தான்.

“அந்த வெள்ளைக் குவியலைத் தூரத்துல பாத்தேன்லே. நம்ம ஊர்ப்பக்கம் மாதிரி இருக்கேன்னு போனேன்,” என்றான். “உங்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணிச்சு. போன் அடிச்சேன், நீ எடுக்கல. அதான் குரூப்ல எழுதுனேன்.”

வைரவனுக்கு அந்த போன் நினைவில் இல்லை.

“தூக்குனது கூடப் பரவால்ல. நெசமாவே விளையாடுனியான்னு கேட்ட பாரு. நாப்பதாயிரம் பேரு பாக்க. போட்டோ எடுத்துப் போட்டேன், நானே வரைஞ்சதுன்னு சொன்னானுவ. நீயும் அதுக்குச் சிரிச்ச.”

“இப்ப விளையாடுதியா?” என்று கேட்டான் வைரவன்.

“இல்ல. கன்ட்ரோலர் எல்லாத்தையும் தங்கச்சி வீட்டுக்குக் குடுத்துட்டேன். கையில எடுத்தாலே நீங்கள்லாம் சிரிக்கிறதுதான் கேக்கு.”

வைரவன் தன் குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிடப் போவதாகச் சொன்னான். பாக்கியதாஸ் சொன்னது சரி என்று எல்லோருக்கும் சொல்லப் போவதாகச் சொன்னான்.

“எழுது. எம்பேரை அங்க போடாத.”

கண் பரிசோதனைக்கு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். பாக்கியதாஸ் அவரை உட்காரவைத்துச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். வைரவன் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தான். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“தெய்வானைய முழுசா விளையாடச் சொல்லு.”

அவள் விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் வைரவனின் கம்ப்யூட்டரில் தினமும் கொஞ்ச நேரம். ஆனால் வைரவனைப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. அவன் மூச்சு விடுவதிலிருந்தே அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறதாம்.

அந்த வார நடுவில் வைரவன் குழுவில் எழுதினான். நான் உப்புத்துறையை விளையாடவில்லை. விளையாடி முடித்தேன் என்று எழுதியது பொய். உப்பு அடுக்கும் வீடு அதில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொன்னவரை நான் பொய்யர் என்றேன். அவர் சொன்னதுதான் உண்மை.

எழுதிவிட்டுத் தன்னை அடித்துத் துவைப்பார்கள் என்று காத்திருந்தான். முதல் சில மணி நேரம் அப்படித்தான் நடந்தது. யாரிடம் காசு வாங்கினாய் என்று கேட்டார்கள். அது அவனுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒருவன், ‘உண்மையைச் சொன்னால் நானும் விளையாடவில்லை’ என்று எழுதினான். அதன் கீழே இன்னொருவன், நானும்தான் என்றான். பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசிக் காட்சியைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். படகைப் பற்றிக் கேலிப்படம் போட்டவர்கள். பாக்கியதாஸிடம் ஆதாரம் கேட்டவர்கள். வைரவன் திரையை நகர்த்திக்கொண்டே இருந்தான். பெயர்கள் தீரவில்லை. உன் பதிவைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று பலர் எழுதியிருந்தார்கள். அவன் யாருடைய பதிவுகளைப் பார்த்து அதை எழுதினானோ, அவர்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மறுநாள் அது எல்லாம் அடங்கி, வேறொன்று தொடங்கியது. உப்பு வீட்டுக்குப் போவது எப்படி என்று ஒரு வீடியோ வந்தது. துடுப்பை எங்கே விட வேண்டும், எவ்வளவு நேரம் மிதக்க வேண்டும், கட்டிகளை எந்த வரிசையில் அடுக்கினால் சீக்கிரம் முடியும். அந்தப் பெண் மாரித் என்று அழைக்கும் இடத்தை மட்டும் வெட்டி, பின்னால் பாட்டுப் போட்டு எல்லோரும் அனுப்பிக்கொண்டார்கள். வைரவனின் பழைய பதிவைவிட இது வேகமாகப் பரவியது. நேற்றுவரை இல்லாத வீட்டைப் பற்றி இன்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. கேமைத் திறக்காதவர்களுக்கும் இருந்தது.

அதைத் தொடங்கிவைத்தது தன்னுடைய பதிவுதான் என்று வைரவனுக்குப் புரிந்தபோது, கையிலிருந்த போனைக் கீழே வைக்க முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

மாலையில் எல்லோரும் சேர்ந்து அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். போனது போகட்டும், இப்போது சொல்லுங்கள், அந்த கேம் நல்லதா கெட்டதா? வாங்கலாமா வேண்டாமா? நீங்கள் சொன்னால் சரி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே அவன் மாடி ஏறினான். டீச்சர் தனியாக இருந்தார். ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

வைரவன் எல்லாவற்றையும் சொன்னான். பாக்கியதாஸ் சொன்னது, குழுவில் நடந்தது, அந்த வீடியோ, அந்தக் கேள்வி. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“திரும்பவும் எங்கிட்டதான் கேக்காங்க டீச்சர். அவ்வளவு பேரும். நான் என்ன சொல்ல? என் கண்ணுக்கு அது தெரியவே மாட்டேங்குது. தெய்வானையக் கேட்டா, இன்னும் முடிக்கலேன்னு சொல்லுதா. உங்களுக்குத்தான் அதோட ஆழம் தெரியும். நீங்கதான் எனக்கு அதைக் காட்டுனீங்க. நீங்க சொல்லுங்க. அது நல்ல கேமா?”

டீச்சர் கீபோர்டை மேஜையில் வைத்தார்.

“தெரியலையே சார். நீங்க சொல்லக் கேட்டதுதான். நான் இன்னும் விளையாடல.”